பத்து சென்ட் ஏடு

1910ஆம் ஆண்டு, நவம்பர் திங்கள். நியூயார்க் நகரத்து வெசி தெருவிலே, வெள்ளையர் ஒருவரின் நாளேடு நடக்கும் கட்டடத்தில் ஓர் அறை. மேசை இருக்கிறது, பேனா இருக்கிறது, சொல்லவேண்டிய சேதி மலையளவு இருக்கிறது; பணந்தான் இல்லை! அந்த அறையிலிருந்து ஆயிரம் படிகள் அச்சாகிக் கிளம்பிற்று ஒரு திங்கள் ஏடு. விலை பத்து சென்ட். பெயர், கிரைசிஸ். நெருக்கடி என்று பொருள்.

ஆசிரியருக்கு அப்போது வயது 42. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். பெர்லினில் படித்தவர். அட்லாண்டாவிலே பதின்மூன்று ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். இத்தனை பெருமையையும் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, நாலு புத்தகம் எழுதி, நல்ல பேரோடு வாழ்ந்திருக்கலாமே, எதற்காக இந்த மனிதர் அச்சுக்கூடத்துக் கடனைத் தேடி அலைந்தார்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வில்லியம் எட்வர்டு பர்க்ஹார்ட் டூ பாய்ஸ் என்பது அவரது முழுப்பெயர். எழுத்தைப் பார்த்துப் பிரெஞ்சு முறையில் ஒலிப்பவர்களை விடமாட்டார்; பாய்ஸ் என்றுதான் ஒலிக்கவேண்டும் என்று திருத்துவார். 1868 பிப்ரவரி 23இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார்; தாய் உழைத்து வளர்த்தார். அந்த ஊரில் கறுப்பர் சிலரே. ஆகவே சிறுவனுக்கு நிறபேதத்தின் நெருப்பு உடனே சுடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஒருநாள் அழகான பெயரட்டைகளை ஒருவருக்கொருவர் பரிமாறி விளையாடினார்கள். புதிதாக வந்த வெள்ளைச் சிறுமி ஒருத்தி இவன் நீட்டிய அட்டையை மட்டும் வாங்க மறுத்தாள். அவ்வளவுதான். அடியில்லை, வசவில்லை. ஆனால், தனக்கும் மற்றவர்க்கும் நடுவே ஒரு திரை தொங்குகிறது என்பதை அன்று அறிந்ததாகப் பின்னாளில் எழுதினார். நம் நாட்டிலே தண்ணீர்ப் பானையருகே நின்று இதே பாடத்தைக் கற்ற சிறுவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பதினைந்து வயதிலேயே நியூயார்க்கில் கறுப்பர் நடத்திய ஏடொன்றுக்கு ஊர்ச்சேதி எழுதி அனுப்பினான் சிறுவன். மை கையில் ஒட்டியது அப்போதுதான். 1885இல் தாய் இறந்தார். ஊரார் உதவியுடன் டென்னசி மாநிலத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஜூபிலி மண்டபம் என்று ஒரு பெரிய கட்டடம். அதைக் கட்டியது வள்ளல்களல்ல, பாட்டு! அடிமைகள் வயல்வெளிகளில் பாடிய துயரப் பாடல்களை, அந்தக் கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று, கடல் கடந்தும் சென்று பாடி, கிடைத்த பணத்தில் எழுப்பிய கட்டடம். பாட்டு வெறும் பொழுதுபோக்கல்ல, கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டுவந்து சேர்க்கக்கூடியது என்பதை அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்தே அவர் உணர்ந்திருக்கவேண்டும். 1903இல் வெளிவந்து அவரை உலகறியச் செய்த நூலிலே, ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் அந்தப் பாடல்களின் இசைக்குறிப்பை அச்சிட்டார்.

ஹார்வர்டு, பெர்லின், பட்டங்கள் என்று வேகமாகக் கடந்துவிடலாம். 1896இல் நீனா கோமரை மணந்தார். 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நாளைய டூ பாய்ஸின் நம்பிக்கை இதுதான்: வெள்ளையர் அறியாமையால் கொடுமை செய்கிறார்கள், உண்மையைத் திரட்டி, எண்ணிக் கணக்கிட்டு, எதிரே வைத்தால் திருந்துவார்கள். பிலடெல்பியா நகரத்துக் கறுப்பர்களைப் பற்றி வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து 1899இல் அரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

அதே 1899, ஏப்ரல். ஜார்ஜியா மாநிலத்திலே சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியைக் கும்பல் ஒன்று பிடித்து, சித்திரவதை செய்து எரித்தது. டூ பாய்ஸ் நிதானமான, நாகரிகமான ஒரு கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு அட்லாண்டா நாளேட்டின் அலுவலகம் நோக்கி நடந்தார். வழியிலே ஒரு சேதி: எரிக்கப்பட்டவனின் விரல் கணுக்கள் அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன! கடிதத்தைக் கொடுக்கவில்லை. திரும்பி நடந்தார். கணக்கும் ஆராய்ச்சியும் வேண்டும், ஆனால் அவை மட்டும் போதா என்று அந்தத் தெருவிலே தெளிந்தார். சில வாரங்கள் கழித்து, தொண்டையடைப்பான் நோயால் அவரது ஒரே ஆண் குழந்தை இறந்தது. அட்லாண்டாவை அதன்பின் நீனாவால் விரும்பவே முடியவில்லை.

1900இல் பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி. அமெரிக்கக் கறுப்பரைப் பற்றிய பகுதிக்கு வரைபடங்களும் புகைப்படத் தொகுப்புகளும் தயாரித்தார். பயணத்துக்குப் பணம் போதாமல் கப்பலின் கீழ்த்தட்டில் போய்ச் சேர்ந்தார். என்ன படங்கள்? ஜார்ஜியாவின் கறுப்பு ஆடவர், பெண்டிர், குழந்தைகள். நன்றாக உடுத்தி, நிமிர்ந்து அமர்ந்து, கேமராவை நேருக்கு நேர் நோக்கும் முகங்கள். 350க்கு மேற்பட்ட படங்கள். அந்நாளில் கறுப்பரின் முகம் வெள்ளையர் ஏடுகளில் எப்படி வரும்? தடித்த உதடும் பிதுங்கிய விழியும் வைத்துக் கேலிச்சித்திரமாக வரும். இல்லையேல் போலீஸ் பிடித்த குற்றவாளியின் படமாக வரும். அந்தப் பொய்க்கு மறுப்புரை எழுதவில்லை டூ பாய்ஸ். படத்துக்குப் படத்தையே பதிலாக வைத்தார்! பொருட்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது.

ஏடு நடத்தும் ஆசை அதற்குப் பின் அவரை விடவில்லை. 1905 இறுதியில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், தம் பழைய மாணவர்களோடு சேர்ந்து ஒரு வார ஏடு தொடங்கினார். பெயர் மூன். படங்களோடு வரும் ஏடு. சில மாதங்களே உலவிய நிலவு, மறைந்துவிட்டது. 1907இல் ஹொரைசன் என்றொரு சிற்றேடு. அது 1910 வரை மூச்சுத் திணறித் திணறி நடந்தது. பணம் போட்டவர் ஆசிரியர், எழுதியவர் ஆசிரியர், நட்டப்பட்டவரும் ஆசிரியர்! தமிழில் ஏடு நடத்திப் பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள், கொஞ்சம் கசப்போடு.

இதற்கிடையே புக்கர் வாஷிங்டனோடு பெரும் வழக்கு. உரிமை கேட்டுக் கூச்சலிடாமல், கைத்தொழில் கற்றுப் பொறுத்திருங்கள் என்பது அவர் போதனை. பொறுத்தது போதும், வாக்குரிமையும் உயர்கல்வியும் இன்றே வேண்டும் என்றது டூ பாய்ஸ் அணி. 1909இல் கறுப்பரும் நல்லெண்ணங் கொண்ட வெள்ளையரும் சேர்ந்து, நிறமுடைய மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். அதன் விளம்பர, ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்று 1910இல் நியூயார்க் வந்தார். அப்படிப் பிறந்ததுதான் நாம் முதலில் பார்த்த பத்து சென்ட் ஏடு.

அதைப் புரட்டிப் பார்ப்போம். ஒரு பக்கம் நாடெங்கும் நடந்த சேதிகள். ஒரு பக்கம் கும்பல் கொலைகளின் கணக்கு. ஒரு பக்கம் அந்தத் திங்களில் சிறப்புற்ற மனிதர்கள். அட்டையிலோ பெரும்பாலும் ஒரு முகம், அல்லது ஓவியம். ஆண்டுக்கொருமுறை பட்டம் பெற்ற மாணவர்களுக்கென்றே ஓர் இதழ். வரிசை வரிசையாகப் பட்டதாரிகளின் படங்கள். ஆண்டுக்கொருமுறை, அக்டோபரில், குழந்தைகள் இதழ். வாசகர்கள் தங்கள் குழந்தைகளின் புகைப்படங்களை அனுப்புவார்கள். பக்கம் பக்கமாக அவை வரும். தலைவரின் படம் வரும் ஏட்டில் தன் மகளின் படமும் வருகிறது என்றால், அந்த ஏட்டைத் தாய் எறிவாளா? பெட்டியில் பத்திரப்படுத்துவாள். ஏட்டின் வேர் எங்கே இறங்கிற்று என்பது இதில் தெரிகிறது. ஆயிரத்தில் தொடங்கிய விற்பனை 1919இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. 1916 அளவிலேயே ஏடு தன் காலில் தானே நின்றது.

அந்த 1916, மே 15. டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரம். ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற பதினேழு வயதுப் பண்ணையாள் மீது கொலைக் குற்றச்சாட்டு. ஜூரிகள் சில நிமிடங்களில் தீர்ப்புக் கூறினார்கள். தூக்கு மேடை வரைக்கும் காத்திருக்கக்கூட மனமில்லை கும்பலுக்கு. நீதிமன்றத்திலிருந்தே இழுத்துப்போய், நகர மண்டபத்தின் எதிரே, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, உயிரோடு எரித்தார்கள். ஊர்ப் புகைப்படக்காரர் படம் பிடித்தார். எதற்கு? விற்பதற்கு! அஞ்சலட்டைகளாக அச்சிட்டு, திருவிழாப் படம்போல விற்றார்கள். கருகிய உடலுக்கு அருகே தொப்பியும் புன்னகையுமாக நின்றவர்கள் தங்கள் முகத்தை மறைக்கவே இல்லை.

சங்கம் எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண்மணியை அங்கே அனுப்பியது. பெண்கள் வாக்குரிமைப் பணிக்காக டெக்சாஸில் இருந்தவர்; வெள்ளையர். துணிந்து ஊருக்குள் சென்று, அதிகாரிகளை விசாரித்து, அந்தப் படங்களையும் திரட்டிக்கொண்டு வந்தார். ஜூலை இதழோடு எட்டுப் பக்க இணைப்பாக அவற்றை வெளியிட்டார் டூ பாய்ஸ். வெற்றிச் சின்னமாக எடுத்த அதே படம், ஒரு கோடு கூடுதலில்லை, குறைவில்லை, சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது! வேக்கோவில் பெருமையாகக் கைமாறிய படம் நியூயார்க்கில் வெட்கமாகக் கைமாறியது. அதைப் பார்த்துப் பலர் துடித்தார்கள். சங்கத்தின் கும்பல் கொலை எதிர்ப்பு இயக்கத்துக்கு நிதி சேர்ந்தது. இவ்வளவு கொடூரத்தை அச்சிடலாமா என்ற கேள்விக்கும் இடமுண்டு. செத்தவனுக்கு இரண்டாம் முறை அவமானமல்லவா என்று கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறைத்திருந்தால் வேக்கோவின் அஞ்சலட்டைக்காரர்கள் மட்டுமே அந்தப் படத்தின் சொந்தக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

இன்னொரு கேள்வி அவரையே குடைந்தது. குழந்தைகள் இதழ் வரும் அதே ஏட்டிலே கொலைக் கணக்கும் வருகிறதே, அதைப் படிக்கும் குழந்தை என்ன ஆகும்? பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வெள்ளையரைத் தான் வெறுப்பதாகவும், அவர்கள் தன்னை வெறுப்பதைவிட அதிகமாகவே வெறுப்பதாகவும் எழுதியிருந்தாள். ஆசிரியர் கலங்கினார். உண்மையைச் சொல்லாமல் விடவும் முடியாது. வெறுப்பை ஊட்டி வளர்க்கவும் மனமில்லை. ஆகவே 1920 ஜனவரியில் குழந்தைகளுக்கென்றே தனி ஏடு தொடங்கினார். இலக்கியப் பொறுப்பை ஏற்ற ஜெஸ்ஸி ஃபாசெட் அம்மையார் அதன் உயிராக இருந்தார். கதை, விளையாட்டு, படங்கள், ஊர் ஊராகப் பிள்ளைகளின் சாதனைகள். இருபத்துநான்கு இதழ்களோடு 1921இல் நின்றுவிட்டது, பணமில்லை. பின்னாளில் பெருங்கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்து முதலில் நாடறிய அச்சேறியது அங்கேதான்.

1917 ஜூலையில் கிழக்கு செயின்ட் லூயியில் கறுப்பர் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. டூ பாய்ஸ் நேரிலே சென்றார். பிழைத்தவர்களின் வாக்குமூலங்களும் எரிந்த வீடுகளின் படங்களும் செப்டம்பர் இதழில் வந்தன. அதற்குமுன், ஜூலை 28 அன்று, நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் பத்தாயிரம் கறுப்பர் அணிவகுத்தனர். முழக்கமில்லை, பாட்டில்லை. வெள்ளுடையில் குழந்தைகள் முன்னே; மெல்ல அதிரும் பறைகள். அந்த வரிசையில் டூ பாய்ஸும் நடந்தார்.

புகழ் பாடுவதோடு நிறுத்தினால் அது வரலாறாகாது. 1918 ஜூலை இதழில், போர் முடியும்வரை குறைகளை ஒதுக்கிவைத்து வெள்ளையரோடு தோள்சேர்ந்து நிற்போம் என்று எழுதினார். அதே வேளையில் இராணுவ உளவுப் பிரிவில் அவருக்குக் கேப்டன் பதவி பேசப்பட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தபோது, வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். கொதித்தது நியாயமே! பதவியும் வரவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பாரிஸ் சென்று, போர்முனையில் கறுப்பு வீரர்கள் பட்ட அவமதிப்புகளை ஆவணத்தோடு திரட்டி வந்து 1919 மே இதழில் கொட்டினார். அஞ்சல் துறை அந்த இதழை ஒருநாள் தடுத்து வைத்தது. ஏட்டின் விற்பனை உச்சத்தைத் தொட்டது அந்த நாட்களில்தான். மக்கள் மன்னிப்பார்கள், ஆனால் பழைய கணக்கை மறந்துவிடமாட்டார்கள். மார்க்கஸ் கார்வியோடு அவர் நடத்திய சண்டையிலும் தரக்குறைவான சொற்கள் இருபுறமும் பறந்தன.

தெற்கு மாநிலங்களில் ஏட்டை விற்பதே வீரச்செயல். இனச் சமத்துவத்தை ஆதரிக்கும் எழுத்தை அச்சிடுவதும் பரப்புவதும் குற்றம் என்று 1920இல் மிசிசிப்பி மாநிலம் சட்டமே செய்தது. அந்தச் சூழலில் ஏட்டைக் கையில் தூக்கிச் சென்ற முகவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த வரலாற்றிலும் இல்லை.

இசைக்கு வருவோம். மெம்பிஸில் அவரோடு ஏடு நடத்தித் தோற்ற மாணவர் ஹாரி பேஸ், 1921இல் பிளாக் ஸ்வான் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பரின் குரலைக் கறுப்பரே பதிந்து விற்பது என்பது அதன் நோக்கம். இயக்குநர் குழுவில் டூ பாய்ஸும் இருந்தார். ஈத்தல் வாட்டர்ஸின் இசைத்தட்டுகள் அமோகமாக விற்றன. ஆனாலும் சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், துயரப் பாடல்களையும் ஐரோப்பியப் பேரிசையையும் நேசித்த இந்தப் பெரியவர், நகரத்துத் தெருவில் பிறந்த ஜாஸ் இசையிடம் அப்படியொன்றும் மனத்தைப் பறிகொடுக்கவில்லை. நாடகம், ஓவியம், கவிதை அனைத்துக்கும் ஏட்டில் பரிசுப் போட்டிகள் வைத்தார். ஹார்லெம் நூலகத்தின் அடித்தளத்தில் 1926இல் நாடகக் குழு ஒன்றை மேடையேற்றினார். கலை பிரச்சாரமே என்று அதே ஆண்டு அவர் வாதிட்டபோது இளம் எழுத்தாளர் பலர் முகம் சுளித்தார்கள். தமிழ் மேடைகளிலும் இந்த வழக்கு நடந்ததுண்டு. தீர்ப்பு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி, முக்கியமான சேதி. ஏடு யாருடையது? சங்கத்துடையதா, ஆசிரியருடையதா?

தொடக்கத்திலேயே மோதல் எழுந்தது. இடங்கொடுத்த நாளேட்டு உரிமையாளர் வில்லார்டு, அடிமை ஒழிப்பு வீரர் காரிசனின் பேரன், நல்லவர். கும்பல் கொலைகளைப் பட்டியலிடும்போது கறுப்பர் செய்யும் குற்றங்களையும் பக்கத்திலே பட்டியலிடலாமே என்று அறிவுரை கூறினார். நல்லவர்களுக்கும் இப்படித் தோன்றுவதுண்டு! டூ பாய்ஸ் மறுத்தார். வில்லார்டு சங்கத் தலைமையிலிருந்து விலகினார். அன்று ஆசிரியர் வென்றதற்குக் கொள்கைப் பிடிப்பு ஒரு காரணம். மற்றொன்று, ஏட்டை வாசகர் தூக்கி நிறுத்தியது. பத்து சென்ட் கொடுத்து வாங்கிய ஆயிரமாயிரம் கறுப்புக் கைகளே அவருக்கு அரண்.

1929க்குப் பின் பெரும் பொருளாதார வீழ்ச்சி. கறுப்பர் கையில் பத்து சென்ட்கூட இல்லை. விற்பனை சரிந்தது, சங்கத்தின் பணத்தில் ஏடு நடக்கவேண்டியதாயிற்று. பணம் வந்த வழியே கட்டளையும் வந்தது. 1934 ஜனவரி முதல், வேலையற்றுப் பட்டினி கிடக்கும் கறுப்பர் தங்களுக்குள் கூட்டுறவு அமைத்துத் தனித்து நின்றேனும் பிழைக்கவேண்டும் என்று எழுதத் தொடங்கினார். இனப் பிரிவினையை ஒழிப்பதே சங்கத்தின் உயிர்க்கொள்கை. அதன் ஏட்டிலேயே இப்படியா என்று செயலாளர் வால்டர் வைட் கொதித்தார். சங்க ஊதியம் பெறுவோர் சங்கக் கொள்கையை அந்த ஏட்டில் விமர்சிக்கக்கூடாது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. டூ பாய்ஸ் விலகினார். இருபத்துநான்கு ஆண்டுகள் கட்டிய வீட்டை விட்டு, 66 வயதில் வெளியேறினார். ஆசிரியர் நாற்காலியில் ராய் வில்கின்ஸ் அமர்ந்தார்.

யார் பக்கம் நியாயம்? அமைப்பில்லாமல் ஏடு பிறந்திராது. ஆகவே சங்கத்தின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால், அந்த ஏடு இல்லாவிட்டால் சங்கத்தின் பெயரை மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக் குடிசை அறிந்திருக்குமா? என் மனம் ஆசிரியர் பக்கமே சாய்கிறது. அவர் அப்போது எழுதிய கருத்து முழுதும் சரி என்பதால் அல்ல. விவாதம் நடக்கவேண்டிய இடம் அந்த ஏட்டின் பக்கமே என்பதால்.

பிறகு மீண்டும் அட்லாண்டா, மீண்டும் புத்தகங்கள். அடிமை ஒழிப்புக்குப் பிந்திய காலத்தைப் பற்றிய அவரது பெருநூல் 1935இல் வந்தது. இந்தியாவோடு அவருக்கு நெடுநாள் தொடர்பு. லஜபதி ராய் நண்பர், 1929இல் காந்தியாரும் தாகூரும் ஏட்டுக்குச் செய்தி அனுப்பினார்கள். 1946இல் டாக்டர் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டு. இந்தியாவின் தீண்டப்படாதோர் நிலையைத் தாம் அறிந்திருப்பதாகவும், உதவக் காத்திருப்பதாகவும் டூ பாய்ஸ் பதிலெழுதினார்.

அணுகுண்டை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டிய சமாதான நிலையம் ஒன்றின் தலைவராக இருந்ததற்காக, 1951இல் அமெரிக்க அரசு அவரை அந்நிய ஏஜெண்டு என்று கூண்டிலேற்றியது. 82 வயது முதியவரின் கையில் விலங்கு! சாட்சி சொல்ல ஐன்ஸ்டீன் முன்வந்தார்; அதற்குத் தேவையே ஏற்படவில்லை, வழக்கு நிற்காது என்று நீதிபதி விடுவித்தார். ஆனால் பல ஆண்டுகள் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1957இல் கானா விடுதலை பெற்ற விழாவுக்கு அழைப்பு இருந்தும் போக முடியவில்லை. 1961இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு நிக்ருமாவின் அழைப்பை ஏற்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் தொகுக்கக் கானா சென்றார். அங்கேயே குடியுரிமையும் பெற்றார்.

1963 ஆகஸ்டு 27. அக்ரா நகரில், 95 வயதில் உயிர் பிரிந்தது. மறுநாள் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உரிமை கேட்டுத் திரண்டிருந்தார்கள். சேதியை மேடையேறி அறிவிக்கும் பொறுப்பு, 29 ஆண்டுகளுக்கு முன் அவரது நாற்காலியில் அமர்ந்த அதே ராய் வில்கின்சிடம் வந்து சேர்ந்தது. அவர் அறிவித்தார். கூட்டம் சற்று நேரம் மௌனமாக நின்றது.